ஒரே தீவில் இரண்டு தட்பவெப்பம்: தொட்டியில் முள்கிரீடச் செடி

2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் மேட்டுநிலமான பிளேன் தே காஃபரில் நாங்கள் குடியேறி ஆறு வாரங்கள் ஆகியிருந்தபோது, சன்னலோரம் வைத்திருந்த ஐந்து தொட்டிகளில் மூன்றில் ஒரு இலைகூட எஞ்சியிருக்கவில்லை. சேன் போலில், கடலுக்கு அருகே இருந்த எங்கள் பழைய வீட்டில், ஆண்டு முழுவதும் சிவப்பாகப் பூத்துக் கிடந்த செடிகள் அவை. இலை உதிர்ந்தால் செடிக்குத் தாகம் என்று நம்பியே காரைக்காலில் வளர்ந்தவள் நான். ஆகவே குவளை நிறையத் தண்ணீர் எடுத்து வந்து ஒவ்வொரு தொட்டிக்கும் ஊற்றினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆகஸ்டு முடிவதற்குள் மூன்று செடிகளும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன. இங்கு ஜூலையும் ஆகஸ்டும் குளிர்காலம்; அந்தக் குளிர்தான் அவற்றைக் கொன்றது என்று சில மாதங்கள் எண்ணியிருந்தேன். நான் ஊற்றிய தண்ணீர்தான் கொன்றது என்பது பிறகே புரிந்தது. அந்த மூன்று செடிகளை இழந்து கற்றவற்றையும், மீதி இரண்டிலிருந்து இன்றுவரை பெருக்கியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு நாற்றுப் பண்ணைகளில் பெரும்பாலும் யூபோர்பியா என்ற பெயரிலேயே விற்கப்படும் இந்தக் குறுஞ்செடியை முள்கிரீடச் செடி என்றும் கிறிஸ்து முள் என்றும் சொல்வதுண்டு. இங்கு வழங்கும் பிரெஞ்சுப் பெயருக்கும் அதே பொருள்தான். சாம்பல் நிறத் தடித்த தண்டு, அதன் நீளம் முழுவதும் கூர்மையான முட்கள், கிளை நுனியில் மட்டும் கொத்தாகப் பச்சை இலைகள், அவற்றுக்கு மேல் நீண்ட காம்பில் இரண்டிரண்டு இதழ்களாகப் பூக்கள் என்று இதன் தோற்றம் எளிதில் அடையாளம் காணக்கூடியது. உண்மையில் அவை இதழ்கள் அல்ல, பூவின் அடியில் வளரும் நிறமுள்ள இலைகளான பூவடிச்செதில்கள். மெய்யான பூக்கள் அவற்றின் நடுவே சயாத்தியம் என்னும் சிறு கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கின்றன. இதழ்களைப் போல ஓரிரு நாளில் வாடிவிடாமல் பூவடிச்செதில்கள் வாரக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்பதால்தான், நாள்தோறும் புதிய மொட்டு விரியாவிட்டாலும் செடி எப்போதும் பூத்திருப்பதாகத் தோன்றுகிறது.

நம் ஊர்ச் சதுரக்கள்ளி, வேலிக்கு நடும் திருகுகள்ளி ஆகியவற்றின் பேரினமே இதற்கும். எங்கு கீறினாலும் வெள்ளைப் பால் வடியும். கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர்களுக்கு எழும் அச்சம் இங்கும் பொருத்தமானதே. தொலைபேசியில் செடியைக் காட்டியபோது என் அம்மா முதலில் சொன்னது இதுதான்: "முள்ளுச் செடிய வீட்டுக்குள்ள வெக்கலாமாம்மா? பிள்ள நடமாடுற எடம். வாசல்ல வெச்சுக்கோ, போதும்." என் மகனுக்கு அப்போது மூன்று வயது. அம்மா அதைச் சகுனமாகச் சொன்னாரா, பாதுகாப்புக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எந்தக் காரணமானாலும் அறிவுரை சரியானது. குழந்தையும் நாயும் பூனையும் உள்ள வீட்டில் தரையிலோ நடைபாதை ஓரத்திலோ இந்தத் தொட்டியை வைக்கவே கூடாது. என் வீட்டில் அது எப்போதும் மார்பளவு உயரத்தில்தான் இருக்கும்.

முதல் போத்தைத் தந்தவர் சேன் போலில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த முதிய அம்மையார். கிரியோல் மொழியில் முதியவர்களை மதிப்புடன் கிராமூன் என்பார்கள்; நானும் அவரை அப்படியே அழைத்து வந்தேன். 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகு கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்தவர் அவர். தமிழ் பேச வராது. ஆனால் கோயில் சார்ந்த சொற்கள் சில அவரிடம் அப்படியே தங்கியிருந்தன. தன் வாயிலின் இருபுறமும் இந்தச் செடியை வரிசையாக வைத்திருந்தார். 2016இல் ஒரு நாள் ஒரு கிளையை வெட்டி, வெட்டிய முனையைத் தண்ணீரில் அமிழ்த்திப் பால் நின்ற பிறகு நாளிதழில் சுற்றித் தந்தபோது, ஒரு வாரம் அலமாரியில் போட்டுவிட்டு நடும்படி சொன்னார். வெட்டியவுடன் நட்டுத் தண்ணீர் ஊற்றுவதே நம் வழக்கம் என்பதால் எனக்கு அது வியப்பாக இருந்தது. முருங்கைப் போத்தைக்கூட ஓரிரு நாள் நிழலில் வைத்து நடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு வாரம் என்பது மிக நீண்ட காலமாகத் தோன்றியது. வெட்டுக்காயம் உலர்ந்து தோல் கட்டினால்தான் ஈர மண்ணில் அது அழுகாமல் வேர் விடும். அந்த ஒரு விதியை மீறிய ஒவ்வொரு முறையும் போத்தை இழந்திருக்கிறேன்.

இந்தத் தீவுக்கும் செடிக்கும் உள்ள தொடர்பு வெகு பழையது. இதன் அறிவியல் பெயரான யூபோர்பியா மிலியை என்பதில் உள்ள மிலி, இந்தத் தீவு பூர்போன் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1818 முதல் 1821 வரை ஆளுநராக இருந்த பரோன் மிலியஸ். 1821இல் பிரான்சுக்கு இதைக் கொண்டு சென்றவராக அவரையே குறிப்பிடுகிறார்கள். 1826இல் ஷார்ல் தே மூலேன் என்ற தாவரவியலாளர் அவர் பெயரைச் செடிக்குச் சூட்டினார். ஆயினும் செடியின் தாயகம் இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மடகாஸ்கர். அங்குப் பாறை இடுக்குகளில், பல மாதங்கள் மழையே இல்லாத பருவத்தைத் தாங்கி வளர்வது இது. வறட்சி வந்தால் இலைகளை உதிர்த்துவிட்டுத் தண்டில் சேமித்த நீரைக் கொண்டு காத்திருக்கும். இலை உதிர்வது இதற்கு நோய் அல்ல, ஒரு வாழ்முறை. இதை 2021க்கு முன் நான் அறிந்திருந்தால் மூன்று செடிகள் பிழைத்திருக்கும்.

சேன் போல் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றின் ஈரத்தை நடுவில் உள்ள மலைகள் தடுத்துவிடுவதால் கிழக்குக் கரையில் மழை கொட்டும்போதும் எங்கள் பக்கம் வெயில் அடிக்கும். அங்கே ஐந்தாண்டுகள் இந்தச் செடிக்காக நான் பாடுபட்டதாகவே சொல்ல முடியாது. வராங்கு என்று இங்கு அழைக்கும் முன்தாழ்வாரத்தின் விளிம்பில், நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் படும் இடத்தில் வைத்தேன். கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறையும், மே முதல் அக்டோபர் வரையான குளிர் பருவத்தில் பத்து நாளுக்கு ஒருமுறையும் தண்ணீர் விட்டேன். பூத்துக்கொண்டே இருந்தது. என் திறமையால் பூக்கிறது என்று நினைத்திருந்தேன்; அந்த இடம்தான் அதைப் பூக்கவைத்தது.

என் கணவரின் பணிமாற்றத்தால் பிளேன் தே காஃபருக்கு வந்தபோது எல்லாம் தலைகீழாயின. அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள மேய்ச்சல் நிலம். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டு இரவுகளில் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே போவதுண்டு. சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனியும் படிந்திருக்கும். இந்தச் செடியோ 10 பாகைக்குக் கீழே போனால் துன்பப்படும். ஆகவே மே மாத நடுவில் வீட்டுக்குள் எடுத்து வந்து செப்டம்பர் இறுதிவரை உள்ளேயே வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கடற்கரையில் வெளியே வாழ்ந்த செடி இங்கு ஆண்டில் பாதியை அறைக்குள் கழிக்க வேண்டியதாயிற்று.

உள்ளே வைத்தபோது நான் செய்த முதல் பிழை சன்னலைத் தேர்ந்தெடுத்ததில். வீட்டுக்குள் பூச்செடி வளர்ப்பதைப் பற்றி நான் படித்த குறிப்புகள் அனைத்தும் தெற்குப் பார்த்த சன்னலே ஒளி மிகுந்தது என்று சொல்லின. அவை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வாழ்பவர்கள் எழுதியவை. ரீயூனியன் தெற்கே 21 பாகையில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கு வானில் ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் நிற்கும், தெற்குச் சன்னலில் ஒரு கீற்று வெயிலும் படாது. சூரியன் ஓரளவு வடக்கே நகர்ந்து மீள்வதைக் காரைக்காலிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் குளிர்காலத்தில் அது வடக்கே இருக்கும் என்பது மனத்தில் பதியவே இல்லை. தெற்குச் சன்னலில் இருந்த செடிகள் ஒரே மாதத்தில் வெளிறிய, மெல்லிய, கணுவிடை நீண்ட நுனிகளை விட்டன. ஒரு பூ இல்லை. மறு ஆண்டு வடக்குச் சன்னலுக்கு மாற்றியதும், நண்பகலுக்கு முன் நான்கு மணி நேர வெயில் கிடைத்தது; ஆகஸ்டிலேயே மொட்டுகள் வந்தன. தென்னாப்பிரிக்காவிலோ மொரீசியசிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் எந்தத் தோட்டக் குறிப்பிலும் வடக்கையும் தெற்கையும் மாற்றி வாசியுங்கள். மாதங்களையும் ஆறு தள்ளிக் கணக்கிடுங்கள். கிளைகளை வெட்டிக் குறைக்கும் கவாத்துக்கு மார்ச் மாதம் உகந்தது என்று ஐரோப்பியர் எழுதியிருந்தால் நமக்கு அது செப்டம்பர்.

இனி இலையுதிர்வுக்கு வருகிறேன். இலை உதிர்ந்ததும் குவளையைத் தேடாமல், முதலில் தண்டை இரண்டு விரலால், முட்களுக்கு இடையே, மண்ணை ஒட்டிய இடத்தில் அழுத்திப் பாருங்கள். பிறகு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்டு கெட்டியாக இருந்து, மேல்தோலில் மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்து, தொட்டி இலகுவாக இருந்தால் அது வறட்சி. தண்ணீர் விட்டால் இரண்டு வாரத்தில் தளிர்க்கும். தண்டு கெட்டியாகவும் சுருக்கமின்றியும் இருந்து, இலைகள் மஞ்சளாகி அடியிலிருந்து உதிர்ந்தால் அது குளிரோ ஒளிக்குறைவோ. செடி உறங்கப் போகிறது, அப்போது தண்ணீரைக் குறைக்க வேண்டுமேயன்றிக் கூட்டக்கூடாது. அடித்தண்டு மென்மையாகிப் பழுப்பு நிறம் ஏறி, தொட்டி கனமாக இருந்தால் அது வேர் அழுகல். 2021இல் என் செடிகள் இரண்டாம் நிலையில் இருந்தன. தாகம் என்று எண்ணி நான் அவற்றை மூன்றாம் நிலைக்குத் தள்ளினேன். குளிரில் உறங்கும் வேர் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. ஊற்றியது அனைத்தும் மண்ணிலேயே தேங்கி நின்றது.

அழுகல் தொடங்கிய செடியைக் காப்பாற்ற ஒரே வழி மேலே இருந்து வெட்டி எடுப்பதுதான். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் இன்னும் மேலே வெட்ட வேண்டும். முழுக்க வெண்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, அந்த நுனியைப் போத்தாக உலர்த்த வேண்டும். சாய்ந்த மூன்றிலும் அழுகல் நுனிவரை ஏறிவிட்டதை வெட்டிப் பார்த்தபோதுதான் கண்டேன். ஒரு வாரம் முன்னால் வெட்டியிருந்தால் நுனிகளாவது கிடைத்திருக்கும்.

இப்போது மண்ணின் ஈரத்தை அறிய எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சிகளைப் பயன்படுத்துகிறேன். பூசை அறையில் நாள்தோறும் சேர்பவை அவை. ஒரு குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகிக் கால் மணி நேரம் கழித்து உருவினால், நிறம் கறுத்து மண் ஒட்டியிருந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். குளிர் மாதங்களில் குச்சி முழுதும் உலர்ந்து வந்த பிறகும் ஒரு வாரம் பொறுத்தே தண்ணீர் விடுகிறேன். அது ஏறக்குறைய மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை என்று அமைகிறது.

மண்கலவையையும் இடத்துக்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. சேன் போலில் தோட்ட மண், மணல், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பிளாஸ்டிக் தொட்டியில் நட்டிருந்தேன். வெயிலில் விரைவில் உலர்ந்ததால் குறை தெரியவில்லை. மேட்டுநிலத்தில் அதே கலவை பத்து நாளானாலும் உலரவில்லை. இங்கு எரிமலைக் கசடு, துளைகள் நிறைந்த சிவப்பும் கறுப்புமான சிறு கற்களாக, தோட்டக் கடைகளில் மூட்டையில் கிடைக்கிறது. அதில் பட்டாணி அளவுக் கற்களைக் கழுவிப் பாதி எடுத்து, மீதிப் பாதியைத் தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமுமாகச் சேர்க்கிறேன். தொட்டி சுட்ட மண்ணால் ஆனது. விட்டம் 15 முதல் 18 சென்டிமீட்டர். இந்தச் செடிக்கு வேர்த்தொகுதி சிறியது என்பதால் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். பெரிய தொட்டியில் வைத்தால் பெரிதாக வளரும் என்ற எண்ணம் இதன் விஷயத்தில் தவறு.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2005-2006இல் சிக்குன்குனியா இந்தத் தீவின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைத் தாக்கியது. 2025இலும் பெருமளவில் திரும்பி வந்தது. அதைப் பரப்பும் புலிக்கொசு, பூந்தொட்டித் தட்டில் நிற்கும் விரற்கடை நீரிலேயே முட்டையிட்டுப் பெருகும். கடற்கரையில் இருந்தபோது வெளியில் இருந்த எல்லாத் தட்டுகளையும் நீக்கிவிட்டேன். வீட்டுக்குள் மேசை நனையாமல் இருக்கத் தட்டு வேண்டுமானால் அதைக் கசடுக் கற்களால் விளிம்புவரை நிரப்பிவிட்டு, தண்ணீர் விட்ட அரை மணி நேரத்தில் வடிந்ததைக் கொட்டிவிடுகிறேன். செடிக்கும் அதுவே நல்லது. அதன் வேர் ஒருபோதும் நீரில் நிற்கக்கூடாது.

வீட்டுக்குள் கணப்பின் உலர்ந்த வெப்பம் பட்ட ஒரு செடியில் மாவுப்பூச்சி வந்தது. நம் வீடுகளில் எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசல். செம்பருத்திக்கும் கத்தரிக்கும் அடித்துப் பழகிய கையால் இதற்கும் அடித்தேன். நான்கு நாளில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. சோப்புக் கரைசலைத் தாங்காத செடிகளின் வரிசையில் முள்கிரீடம் இருக்கிறது என்பதைப் பிறகு ஒரு பூச்சிமருந்துப் புட்டியின் எச்சரிக்கையில்தான் படித்தேன். மருந்துக்கடைச் சாராயத்தில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பூச்சியை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் செடிக்குத் தீங்கில்லை.

2022 செப்டம்பரில் கவாத்துச் செய்தபோது நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் இதைப் படித்து ஒருவராவது கண்ணாடி அணிந்துகொண்டால் போதும். நீண்ட கிளைகளைக் குறைத்தால் வெட்டுக்குக் கீழே இரண்டு, மூன்று கிளைகள் பிரிந்து செடி அடர்த்தியாகும். பூ புதிய நுனிகளில் வருவதால் பூவும் கூடும். கையுறை அணிந்திருந்தேன். வளைந்திருந்த ஒரு கிளை வெட்டுப்பட்டதும் நிமிர்ந்து பால்துளி ஒன்று வலக்கண்ணில் தெறித்தது. முதலில் சிறு எரிச்சல்தான்; முகத்தைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். இரவில் கண் வீங்கி, தாங்க முடியாத வலியோடு பார்வை மங்கிவிட்டது. மறுநாள் கண் மருத்துவர் கருவிழியின் மேற்பரப்பு புண்பட்டிருப்பதாகச் சொன்னார். குணமாக ஒன்பது நாட்கள் ஆயின. துளி பட்ட உடனேயே ஓடும் நீரில் குறைந்தது கால் மணி நேரம் கண்ணைத் திறந்து கழுவியிருக்க வேண்டும். எரிச்சல் குறைந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய், எந்தச் செடியின் பால் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது கவாத்துக்குக் கண்ணை முழுதும் மூடும் காப்புக் கண்ணாடி அணியாமல் கத்தியைத் தொடுவதில்லை. வெட்டுவாயில் உடனே தண்ணீர் தெளித்தால் பால் உறைந்து நின்றுவிடும். தோலில் பட்டால் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

வெட்டிய நுனிகளில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ளவற்றைத் தேர்ந்து, கிராமூன் காட்டியபடி நாளிதழில் சுற்றி ஒரு வாரம் உலர்த்தி, கசடுக் கற்கள் மிகுந்த கலவையில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நடுகிறேன். வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். இடையில் இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். புது இலை துளிர்த்து வளரத் தொடங்கினால் வேர் வந்துவிட்டது. உரம், வளரும் மாதங்களில் மட்டும், புட்டியில் சொன்ன அளவில் பாதி. தழைச்சத்து மிகுந்த உரம் இலையை வளர்த்துப் பூவைக் குறைத்துவிடும். தாய்லாந்தில் கலப்பினம் செய்யப்பட்ட பெரிய பூ வகை ஒன்றையும் வாங்கி வளர்த்தேன். பூ அழகுதான், ஆனால் தடித்த தண்டு குளிரிலும் ஈரத்திலும் எளிதில் அழுகிவிட்டது. மேட்டுநிலத்தில் சிறிய சிவப்புப் பூ பூக்கும் பழைய வகையையே பரிந்துரைப்பேன்.

வெளியில் வைக்கும் மாதங்களோ புயல் மாதங்கள். 2024 ஜனவரி 15இல் பெலால் புயல் தீவைக் கடந்தபோது ஊதா எச்சரிக்கை விடுக்கப்பட்டு யாரும் வெளியே வரக்கூடாது என்று ஆணையிட்டார்கள். முந்தைய நாளே தொட்டிகளை எல்லாம் உள்ளே கொண்டுவந்திருந்தேன். காற்றில் பறக்கும் மண்தொட்டி அடுத்த வீட்டுச் சன்னலை உடைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. முள் குத்தாமல் தூக்க, நாளிதழைப் பட்டையாக மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் போதும். சன்னல் பலகைகள் அடைக்கப்பட்ட இருட்டில் மூன்று நாட்கள் கிடந்தும் செடிகளுக்கு எதுவும் ஆகவில்லை.

அக்டோபரில் வெளியே எடுக்கும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. ஐந்து மாதம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இலைகள் மேட்டுநிலத்துக் கடும் வெயிலை ஒரே நாளில் தாங்காமல் வெளுத்துப் புள்ளி விழும். முதல் வாரம் கூரையின் நிழலில், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில், அதன் பிறகே திறந்த வெயிலில் வைக்கிறேன். மழை நேரடியாகப் படாதபடி எப்போதும் இறவாணத்துக்கு உட்புறமாகவே வைக்கிறேன். இப்போது என்னிடம் ஒன்பது தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, 2021இன் குளிரில் பிழைத்த அதே செடிகள்.